வினு மன்கட்: விதிப்படி அவுட் ஆக்கியவரின் பெயர் ஏன் ஏச்சுச் சொல்லானது?

ஆட்ட விதிக்கும் ஆட்ட நெறிக்கும் இடையே சிக்கிக்கொண்ட ஒரு கிரிக்கெட் வீரரின் கதை

பினாங்கு, புக்கிட் ஜம்புல் பக்கம் எங்கள் சித்தப்பா ஒருவர் இருக்கிறார். வாலிப வயதில் கோல்ஃப் மைதானங்களில் கேடியாக வேலை பார்த்தவர். பணக்கார ஐயாமார்களின் பையைத் தூக்கிக்கொண்டு நடந்த அந்தக் காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், தே தாரிக் ஆறிப்போகும் வரை நிறுத்தமாட்டார். அவர் அடிக்கடி சொல்வது ஒன்றுதான். ஆளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமா? பந்து புதருக்குள் போனபிறகு அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

கோல்ஃபில் நடுவர் உங்கள் பின்னாலேயே நடந்து வருவதில்லை. தப்பு செய்தால் நீங்களே சொல்லி, நீங்களே தண்டனைப் புள்ளியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிலர் அப்படிச் செய்வார்கள். இன்னும் சிலர் விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர்கள். பந்து கார்ட் பாதைக்கு அருகில் கிடந்தால் போதும், காலை எப்படியாவது அந்தப் பாதையில் பதித்து நின்று, இடைஞ்சலாக இருக்கிறது, தண்டனை இல்லாமல் பந்தை நகர்த்திக்கொள்கிறேன் என்பார்கள். அந்தச் சலுகை உண்மையிலேயே விதியில் இருக்கிறது. சலுகைக்காகவே வேண்டுமென்று கோணலாக நிற்கக்கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. ஆனால் எது கோணல், எது இயல்பு? அங்கேதான் சண்டை.

விதி அனுமதிக்கிறது, அதனால் செய்தேன் என்று சொன்னால் போதுமா? இந்தக் கேள்வியை ஒரு மனிதரின் பெயரோடு சேர்த்தே உலகம் எழுபது ஆண்டுகளுக்கு மேல் கேட்டுக்கொண்டிருக்கிறது. அவர் கோல்ஃப் வீரர் இல்லை, கிரிக்கெட் வீரர். பெயர் வினு மன்கட். ஐபிஎல் பார்க்கும் நம்மில் பலருக்கு அந்தப் பெயர் ஒரு வினைச்சொல்லாகத்தான் அறிமுகம். அவனை மன்கட் பண்ணிட்டான் என்போம். அந்தப் பெயருக்குப் பின்னால் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றியைச் சென்னையில் வாங்கித் தந்த ஒரு மனிதர் இருந்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

முதலில், அந்த விதி என்ன?

பேட்மிண்டனும் ஃபுட்சாலும் ஆடி வளர்ந்தவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். கிரிக்கெட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேட்டர்கள் களத்தில் இருப்பார்கள். ஒருவர் பந்தை அடிப்பார். மற்றவர் பந்து வீசுபவரின் பக்கத்தில், கோட்டுக்குள் காத்திருப்பார். அடித்ததும் இருவரும் எதிரெதிராக ஓடினால் ரன். இரு முனைகளுக்கும் இடையே 22 கஜம், அதாவது ஏறக்குறைய 20 மீட்டர்.

இப்போது, காத்திருப்பவர் பந்து கையை விட்டுப் போகும் முன்பே இரண்டு மூன்று அடி முன்னால் நகர்ந்துவிட்டால்? ஓட வேண்டிய தூரம் குறைந்துவிடும். நூறு மீட்டர் ஓட்டத்தில் துப்பாக்கி வெடிக்கும் முன்பே கிளம்புவது மாதிரி. இதைத் தடுக்கப் பந்து வீசுபவருக்கு ஒரு வழி உண்டு. வீசாமல் நின்று, பந்தால் ஸ்டம்பைத் தட்டிவிட்டால், கோட்டுக்கு வெளியே இருக்கும் அந்தப் பேட்டர் ரன் அவுட். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் பேட்டர் பந்தை வீசுபவரை நம்பி, அவரைப் பார்க்காமல் எதிர்முனையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்; அந்த நேரத்தில் அவரைக் கவிழ்ப்பது முதுகில் குத்துவது போல என்பது எதிர்த்தரப்பின் வாதம். குறைந்தபட்சம் ஒருமுறை எச்சரித்துவிட்டாவது செய்யலாமே என்பார்கள். விதிப் புத்தகம் அப்படி ஓர் எச்சரிக்கையை எந்தக் காலத்திலும் கட்டாயமாக்கியதில்லை.

ஜாம்நகர் பையன்

முல்வந்த்ராய் ஹிம்மத்லால் மன்கட் 1917ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் தேதி, இன்றைய குஜராத்தில் உள்ள ஜாம்நகரில் பிறந்தார். வினு என்பது பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட செல்லப்பெயர். அன்று அது நவாநகர் என்ற சமஸ்தானம். ரஞ்சிக் கோப்பை யாருடைய பெயரில் நடக்கிறதோ, அந்த ரஞ்சித்சிங்ஜி ஆண்ட ஊர். அரண்மனையே கிரிக்கெட் பைத்தியமாக இருந்தால் ஊரும் அப்படித்தானே இருக்கும்? ரஞ்சியின் உறவினரும் இங்கிலாந்துக்காக ஆடியவருமான துலீப்சிங்ஜியும், சசெக்ஸ் அணியின் ஆட்டக்காரர் பெர்ட் வென்ஸ்லியும் இளம் மன்கட்டுக்குப் பயிற்சி தந்தார்கள். வலது கையால் பேட்டிங், இடது கையால் சுழற்பந்து. இரண்டிலும் கெட்டிக்காரர்.

1937-38இல் லார்ட் டென்னிசன் என்ற ஆங்கிலேயர் ஓர் அணியை இந்தியாவுக்கு அழைத்து வந்தார். அதிகாரபூர்வமற்ற அந்தத் தொடரில் பேட்டிங் சராசரியிலும் பந்துவீச்சுச் சராசரியிலும் இந்தியத் தரப்பில் முதலிடம் மன்கட்டுக்கு. அப்போது அவருக்கு இருபது, இருபத்தொரு வயது. நேராக டெஸ்ட் அணிக்குப் போயிருக்க வேண்டியவர்தான். உலகப்போர் வந்துவிட்டது. ஒரு விளையாட்டு வீரரின் மிகச் சிறந்த ஆண்டுகள் என்று எவற்றைச் சொல்வோமோ, அவற்றை மன்கட் சர்வதேச ஆட்டமே இல்லாமல் கழித்தார். முதல் டெஸ்டில் ஆடும்போது, 1946இல் லார்ட்ஸ் மைதானத்தில், வயது 29.

அந்த ஒரே பயணத்தில் ஆயிரம் ரன்களையும் நூறு விக்கெட்டுகளையும் தாண்டினார். கிரிக்கெட்டின் பைபிள் என்று சொல்லப்படும் விஸ்டன், 1947ஆம் ஆண்டின் ஐந்து சிறந்த வீரர்களில் ஒருவராக அவரைத் தேர்ந்தெடுத்தது.

சிட்னி, டிசம்பர் 1947

அந்த ஆண்டு ஆகஸ்டில் இந்தியா விடுதலை பெற்றது. சில மாதங்களுக்குள் லாலா அமர்நாத் தலைமையில் ஓர் இந்திய அணி ஆஸ்திரேலியா போனது. சுதந்திர நாடாக இந்தியா மேற்கொண்ட முதல் கிரிக்கெட் பயணம் அது. எதிரே டான் பிராட்மேனின் அணி. சமமான போட்டி என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, இருக்கவும் இல்லை.

நவம்பர் மாதம் சிட்னியில் ஒரு பயிற்சிப் போட்டி. பிராட்மேன் தமது நூறாவது முதல்தர சதத்தை அடித்த ஆட்டம் என்பதால் வரலாற்றில் அது தனியாக நிற்கிறது. அதே ஆட்டத்தில் பில் பிரவுன் என்ற தொடக்கப் பேட்டர், மன்கட் பந்து வீசும்போதெல்லாம் கோட்டை விட்டு முன்கூட்டியே நகர்ந்துகொண்டிருந்தார். மன்கட் முதலில் எச்சரித்தார். பிரவுன் திருந்தவில்லை. அடுத்த முறை மன்கட் ஸ்டம்பைத் தட்டிவிட்டார்.

அந்தப் போட்டியில் ஆஸ்திரேலியா பதினொருவர் அணியை இந்தியர்கள் தோற்கடித்தும் விட்டார்கள் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்றைய இந்திய அணிக்கு அது சின்ன விஷயமில்லை.

ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 13ஆம் தேதி, அதே சிட்னி மைதானத்தில் இரண்டாவது டெஸ்ட். இந்தியா முதலில் ஆடி 188 ரன்களுக்குச் சுருண்டிருந்தது. பிரவுன் 18 ரன்களில் இருந்தார். மறுபடியும் கோட்டுக்கு வெளியே. இந்த முறை மன்கட் எச்சரிக்கவில்லை. ஏற்கெனவே ஒருமுறை சொன்னவர், ஒருமுறை செய்தும் காட்டியவர். இனி இன்னும் எத்தனை முறைதான் சொல்வது? பந்து ஸ்டம்பைத் தொட்டது. பிரவுன் ரன் அவுட்.

டெஸ்ட் கிரிக்கெட் வரலாற்றில் ஒருவர் இந்த முறையில் அவுட் ஆனது அதுதான் முதல் தடவை.

ஆட்டம் என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? ஆஸ்திரேலியா 107 ரன்களுக்கு அவுட். இந்தியா மறுபடியும் ஆடி 61 ரன்களுக்கு 7 விக்கெட். மழை புகுந்து விளையாடியதால் முடிவில்லாமல் நின்றுபோனது. அந்த ரன் அவுட்டால் இந்தியாவுக்கு வெற்றியும் கிடைக்கவில்லை, தொடரும் மாறவில்லை. ஐந்து போட்டிகளில் நான்கில் ஆஸ்திரேலியாவே வென்றது.

ஆனால் அங்கிருந்த பத்திரிகைகள் மன்கட்டின் நேர்மையைக் கேள்வி கேட்டன. அவருடைய பெயரே அந்தச் செயலுக்குப் பெயராகிவிட்டது.

பாதிக்கப்பட்டவர்கள் என்ன நினைத்தார்கள்?

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மன்கட் செய்தது தப்பு என்று யார் சொல்லியிருக்க வேண்டும்? எதிரணியின் கேப்டன். பிராட்மேன் அப்படிச் சொல்லவில்லை. தமது சுயசரிதையில் மன்கட்டுக்காகப் பரிந்தே எழுதினார். விதி தெளிவாக இருக்கிறது, முன்கூட்டியே நகர்பவர் தமக்கு உரிமையில்லாத ஆதாயத்தை எடுக்கிறார், இதில் பந்து வீசியவரை எதற்குக் குறை சொல்ல வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு.

பில் பிரவுனும் மன்கட் மீது மனக்கசப்பு வைத்துக்கொள்ளவில்லை. தவறு தன்னுடையது என்றே எடுத்துக்கொண்டார். பாவம், அந்தத் தொடர் அவருக்கு ராசியே இல்லை. கடைசி டெஸ்டில் 99 ரன்களில் நின்றபோது மீண்டும் ரன் அவுட் ஆனார்.

ஆக, அவுட் ஆனவருக்குப் பிரச்சினை இல்லை. அவருடைய கேப்டனுக்கும் பிரச்சினை இல்லை. பிறகு பிரச்சினை யாருக்கு? பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு. பஞ்சாயத்துகள் பெரும்பாலும் இப்படித்தானே நடக்கின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த முறையைக் கண்டுபிடித்தவர் மன்கட் இல்லை. 1835ஆம் ஆண்டிலேயே தாமஸ் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் முதல்தர ஆட்டத்தில் இதைச் செய்திருக்கிறார். மன்கட்டுக்குப் பிறகும் டெஸ்டுகளில் நடந்தது. 1969இல் மேற்கிந்தியத் தீவுகளின் சார்லி கிரிஃபித், 1978இல் நியூசிலாந்தின் எவன் சாட்ஃபீல்ட், 1979இல் ஆஸ்திரேலியாவின் ஆலன் ஹர்ஸ்ட். யாரையும் பார்க்கர் பண்ணிட்டான் என்றோ ஹர்ஸ்ட் பண்ணிட்டான் என்றோ நாம் சொல்வதில்லை. புதிதாக விடுதலை பெற்ற நாட்டிலிருந்து வந்த ஒருவரின் பெயர்தான் நிலைத்தது. இது தற்செயலா? முதல் டெஸ்ட் சம்பவம் என்பதால் பெயர் ஒட்டியது என்று சொல்ல இடமிருக்கிறது. எனக்கு அது முழுப் பதிலாகத் தோன்றவில்லை.

அடுத்த மாதமே, 1948 ஜனவரியில், மெல்பர்னில் மன்கட் 116 ரன்கள் அடித்தார். ஆஸ்திரேலிய மண்ணில் ஓர் இந்தியர் அடித்த முதல் டெஸ்ட் சதம். பிப்ரவரியில் அதே மைதானத்தில் இன்னொரு சதம், 111. அவரைத் திட்டியவர்களுக்கு மட்டையால் சொன்ன பதிலாக இதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சதங்களுக்கு யாரும் வினைச்சொல் உருவாக்கவில்லை.

கோல்ஃப் கொண்டாடும் இன்னொரு கதை

இங்கே கொஞ்சம் அமெரிக்கா போய் வருவோம். விளையாட்டு நேர்மை என்றதும் கோல்ஃப் உலகம் எடுத்துக்காட்டும் பெயர் பாபி ஜோன்ஸ். 1925ஆம் ஆண்டு யூஎஸ் ஓபன் போட்டியில், அடர்ந்த புல்லுக்குள் கிடந்த பந்தை அடிக்கத் தயாரானபோது அது லேசாக அசைந்துவிட்டது. வேறு யாரும் பார்க்கவில்லை. அதிகாரிகளும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஜோன்ஸ் விடவில்லை, பந்து அசைந்தது என்று சொல்லித் தமக்குத் தாமே ஒரு தண்டனைப் புள்ளி போட்டுக்கொண்டார். போட்டி முடிவில் அவரும் வில்லி மெக்ஃபார்லேனும் சமநிலை. கூடுதல் ஆட்டத்தில் ஜோன்ஸ் தோற்றார். அந்த ஒரு புள்ளி இல்லையென்றால் கோப்பை அவருடையது.

அழகான கதை. சந்தேகமே இல்லை. ஆனால் ஜோன்ஸ் சம்பளத்துக்கு ஆடியவர் இல்லை. வசதியான குடும்பம், வழக்கறிஞர் தொழில், கடைசிவரை அமெச்சூர். 28 வயதில் எல்லாவற்றையும் வென்றுவிட்டு ஓய்வு பெற முடிந்தது. தோற்றாலும் வீட்டில் அடுப்பு எரியும்.

அதே கோல்ஃபில் 1968ஆம் ஆண்டு மாஸ்டர்ஸ் போட்டியையும் பாருங்கள். அர்ஜென்டினாவின் ராபர்டோ டி விசென்சோ 17ஆவது குழியை மூன்று அடிகளில் முடித்தார். லட்சக்கணக்கானோர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். கூட ஆடியவர் அட்டையில் தவறுதலாக நான்கு என்று எழுதிவிட்டார். டி விசென்சோ கவனிக்காமல் கையெழுத்துப் போட்டார். விதிப்படி, கையெழுத்துப் போட்ட அட்டையில் கூடுதலாக எழுதப்பட்டிருந்தால் அந்தக் கூடுதல் எண்தான் கணக்கு. கூடுதல் ஆட்டத்துக்குப் போயிருக்க வேண்டியவர், ஒரு புள்ளியில் இரண்டாமிடம் போனார். அன்று அவருக்குப் பிறந்தநாள் வேறு. எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த உண்மையை விதி தோற்கடித்தது. அங்கே ஆட்ட நெறியைப் பற்றிப் பேசி விதியை யாரும் தளர்த்தவில்லை.

விதியை எப்போது இறுக்கிப் பிடிப்பது, எப்போது நெறியைத் தூக்கிப் பிடிப்பது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? சித்தப்பாவிடம் கேட்டால், கிளப்பில் உறுப்பினராக இருப்பவர்கள் என்பார். கேடி அல்ல.

விளையாட்டு அவருக்குப் பிழைப்பு

மன்கட் கிளப் உறுப்பினர் ரகம் இல்லை. கிரிக்கெட் ஆடித்தான் அவர் குடும்பம் நடத்தினார். ரஞ்சிக் கோப்பையில் நவாநகர், மகாராஷ்டிரம், குஜராத், வங்காளம், பம்பாய், ராஜஸ்தான் என்று எங்கே வாய்ப்போ அங்கே ஆடினார். அன்று டெஸ்ட் ஆட்டத்துக்கு இன்றுபோல் கோடிகள் கிடையாது. இங்கிலாந்தின் லங்காஷயர் லீக்கில் ஒவ்வொரு கிளப்பும் ஒரு வெளிநாட்டு நட்சத்திரத்தைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வது வழக்கம். ஹஸ்லிங்டன் கிளப் மன்கட்டை அப்படி அமர்த்தியது.

1952இல் இந்திய அணி இங்கிலாந்து போகவிருந்தது. அணியில் என் இடம் உறுதியா, உறுதியென்றால் இந்த வேலையை விட்டுவிடுகிறேன் என்று மன்கட் கேட்டார். தேர்வாளர்கள் உறுதி தரவில்லை. சரி, நான் ஹஸ்லிங்டனுக்கே ஆடுகிறேன் என்று போய்விட்டார். இதை இன்று ஒரு சராசரி ஒப்பந்த ஊழியர் கேட்டால் நியாயம் என்போம். அன்று இதையும் சிலர் நாட்டுப்பற்றுக் குறைவாகப் பார்த்தார்கள்.

லீட்ஸில் முதல் டெஸ்ட். மன்கட் இல்லாத இந்தியா இரண்டாவது இன்னிங்ஸில் ரன் எதுவும் எடுக்கும் முன்பே நான்கு விக்கெட்டுகளை இழந்தது. ஸ்கோர்போர்டில் 0-4. அந்தப் படத்தை இன்றும் இணையத்தில் பார்க்கலாம். உடனே வாரியம் ஹஸ்லிங்டனிடம் போய் அவரை விடுவிக்கச் சொல்லிக் கேட்டது.

லார்ட்ஸில் இரண்டாவது டெஸ்டுக்கு வந்தார். முதல் இன்னிங்ஸில் தொடக்கப் பேட்டராக 72. பிறகு 73 ஓவர்கள் பந்து வீசி 5 விக்கெட். தப்பாகப் படிக்கவில்லை, எழுபத்து மூன்று ஓவர்கள்தான். களைப்பாறக்கூட நேரமில்லாமல் மறுபடியும் தொடக்கப் பேட்டராக இறங்கி 184. அதுவரை ஓர் இந்தியர் டெஸ்டில் அடித்த அதிகபட்ச ரன் அது. பிறகு இன்னும் 24 ஓவர். இந்தியா 8 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. ஆனாலும் அந்த ஆட்டத்தை இன்றும் மன்கட்டின் டெஸ்ட் என்றுதான் குறிப்பிடுகிறார்கள். லார்ட்ஸ் அரங்கின் கௌரவப் பலகையில் பேட்டிங்கிலும் பந்துவீச்சிலும் அவர் பெயர் இருக்கிறது.

சென்னையில் இரண்டு முறை

தமிழர்களுக்கு மன்கட்டோடு தனியாக ஓர் உறவு உண்டு. 1952 பிப்ரவரி, சேப்பாக்கம். இந்தியா டெஸ்ட் ஆடத் தொடங்கி இருபது ஆண்டுகள் ஆகியும் ஒரு வெற்றிகூட இல்லை. 25ஆவது டெஸ்ட் இங்கிலாந்துக்கு எதிராக. முதல் இன்னிங்ஸில் மன்கட் 55 ரன்கள் கொடுத்து 8 விக்கெட் எடுத்தார். இரண்டாவது இன்னிங்ஸில் இன்னும் நான்கு. பங்கஜ் ராயும் பாலி உம்ரிகரும் சதமடித்தார்கள். ஆட்டத்தின் முதல் நாளில்தான் இங்கிலாந்தின் சாண்ட்ரிங்ஹாமில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் இறந்தார். ஓர் இன்னிங்ஸ், 8 ரன் வித்தியாசத்தில் இந்தியா வென்றது. இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி பிறந்த இடம் மெட்ராஸ்.

அதே ஆண்டு அக்டோபரில் டெல்லியில் பாகிஸ்தான் தன் வரலாற்றின் முதல் டெஸ்டை ஆடியது. மன்கட் அந்த ஆட்டத்தில் எடுத்தது 13 விக்கெட். அந்தத் தொடரிலேயே, தமது 23ஆவது டெஸ்டில், ஆயிரம் ரன் நூறு விக்கெட் என்ற எல்லையைத் தொட்டார். அவ்வளவு வேகமாக அதைச் செய்த இன்னொருவரைப் பார்க்க 1979 வரை, இயன் போத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது சென்னைக் கதை 1956 ஜனவரி. இடம் மாநகராட்சி மைதானம், இன்றைய ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கம். நியூசிலாந்துக்கு எதிராக மன்கட்டும் பங்கஜ் ராயும் தொடக்க விக்கெட்டுக்கு 413 ரன்கள் சேர்த்தார்கள். ஒரு முழு நாள் இருவரும் அவுட்டே ஆகவில்லை. மன்கட் 231, ராய் 173. மன்கட்டின் அந்த 231ஐ இன்னோர் இந்தியர் தாண்ட 1983 டிசம்பர் வரை ஆனது. தாண்டியவர் சுனில் காவஸ்கர். ஊர், மறுபடியும் சென்னைதான். 413 என்ற கூட்டணிச் சாதனையோ 52 ஆண்டுகள் நின்றது. 2008இல் தென்னாப்பிரிக்காவின் மெக்கென்சியும் ஸ்மித்தும் சிட்டகாங்கில் 415 எடுத்து அதை உடைத்தார்கள். பில் பிரவுன் அப்போது உயிரோடுதான் இருந்தார். இரண்டு வாரம் கழித்து, மார்ச் 16ஆம் தேதி, 95 வயதில் காலமானார்.

மன்கட் 1959இல் ஓய்வு பெற்றார். 44 டெஸ்ட், 2,109 ரன், 162 விக்கெட். முதலாம் இடம் தொடங்கிப் பதினொன்றாம் இடம் வரை எல்லா இடங்களிலும் பேட்டிங் செய்தவர். டெஸ்ட் வரலாற்றில் இதைச் செய்தவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். மகன் அசோக்கும் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார். 1973இல் மன்கட்டுக்குப் பத்மபூஷண். 1978 ஆகஸ்ட் 21ஆம் தேதி பம்பாயில் இறந்தபோது வயது 61.

பெயரைத் திரும்பப் பெறுவது எப்படி?

2019 மார்ச் 25. ஜெய்ப்பூர், ஐபிஎல். மேற்கு மாம்பலத்துப் பையன் ரவிச்சந்திரன் அஸ்வின், 69 ரன்களில் இருந்த ஜோஸ் பட்லரை இதே முறையில் ரன் அவுட் செய்தார். நன்றாகப் போய்க்கொண்டிருந்த ராஜஸ்தான் அதன்பிறகு சரிந்தது. பஞ்சாப் 14 ரன்களில் வென்றது. அன்றிரவு வாட்ஸ்ஆப் குழுக்கள் இரண்டாகப் பிரிந்தன. எங்கள் குடும்பக் குழுவும்தான். கிரிக்கெட் விதிகளைக் காக்கும் எம்சிசி முதலில் விதி மீறல் இல்லை என்றது. மறுநாள், ஆட்ட நெறிக்கு உட்பட்டதாக இல்லை என்று சொன்னது. அவர்களுக்கே குழப்பம்.

கிரிக்கெட் விதிகளில் ஆட்ட நெறி என்று ஒரு முன்னுரை எழுதிச் சேர்க்கப்பட்டதே 2000ஆம் ஆண்டில்தான். 1947இல் அது எழுத்திலேயே இல்லை. எழுதப்படாத சட்டத்தை மீறியதாக ஒருவர் எழுபது ஆண்டு குற்றவாளிக் கூண்டில் நின்றிருக்கிறார்.

அஸ்வின் தமது செயலுக்காகக் கடைசிவரை வருத்தம் தெரிவிக்கவில்லை. மன்கட்டின் பெயரை இதற்குப் பயன்படுத்துவதைக் காவஸ்கர் தொடர்ந்து எதிர்த்துவந்தார். ஒரு மாபெரும் இந்திய வீரரை அவமதிக்கும் செயல் என்பது அவருடைய கருத்து. 2022 செப்டம்பரில் லார்ட்ஸில் தீப்தி சர்மா இங்கிலாந்தின் சார்லி டீனை இப்படி அவுட் செய்து ஆட்டத்தை முடித்தபோது மறுபடியும் புயல்.

எல்லா இந்தியர்களும் ஒரே பக்கம் என்றும் நினைக்க வேண்டாம். 2023 ஜனவரியில் குவாஹாட்டியில் இலங்கைக் கேப்டன் தசுன் ஷனகா 98 ரன்களில் நின்றார். முகமது ஷமி ஸ்டம்பைத் தட்டிவிட்டார். கேப்டன் ரோகித் சர்மா முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஷனகா சதமடித்தார். இந்தியா ஏற்கெனவே வெற்றியை உறுதி செய்திருந்த நேரம் அது. ஒரு ரன் இரண்டு ரன்னில் ஆட்டம் தொங்கிக்கொண்டிருந்தால் அதே முடிவை எடுத்திருப்பாரா என்று கேட்பவர்களும் உண்டு. கேட்கலாம்தான். எனக்கென்னவோ ரோகித் செய்ததும் பிடித்திருந்தது, அஸ்வின் செய்ததும் சரியாகத்தான் பட்டது. சித்தப்பா இதை ஏற்கவில்லை. எச்சரிக்கை இல்லாமல் செய்யக்கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருக்கிறார். மன்கட் எச்சரித்தாரே என்றேன். அது வேறு ஆட்டம் என்கிறார்.

2021இல் ஐசிசி வினு மன்கட்டைத் தன் புகழ் அரங்கில் சேர்த்தது. இந்தியாவில் 19 வயதுக்குட்பட்ட பையன்களுக்கான ஒருநாள் போட்டி அவர் பெயரில்தான் நடக்கிறது.

2022 அக்டோபர் 1 முதல் விதிப் புத்தகத்திலும் ஒரு மாற்றம். அதுவரை இந்த முறை, நேர்மையற்ற ஆட்டம் என்ற 41ஆவது பிரிவுக்குள் இருந்தது. அங்கிருந்து எடுத்து, 38ஆவது பிரிவான ரன் அவுட்டுக்குள் வைத்துவிட்டார்கள். சிட்னியில் அன்று ஸ்கோர் எழுதியவர் பிரவுனின் பெயருக்கு நேரே எழுதியதும் அதுதான்: ரன் அவுட், 18.